பதினான்காம் ஷரத்தின்படி ஓர் அந்நியர்

அநியாயம் நடந்தது எனக்குத்தான், மரைக்காயரே, வேறு யாருக்கும் இல்லை. மூன்று வருஷம் சீன தேசத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷனை மாஸ்டராக இருந்து நடத்தியவன் நான். ஊருக்குத் திரும்பும்போது ஒரு நற்சான்று கொடு என்று கேட்டேன். ஒரே ஒரு காகிதம். அதைத் தராமல் எட்டு மாதம் அலைக்கழித்தான் ஒருத்தன். எனக்குக் கீழே உதவியாளாக இருந்தவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு நாள் லீவு போட முடியாதவன். மெங் என்று பெயர்.

எட்டு மாதம் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஏழு மாதம் கம்பெனிக்காரர்களிடம் போயிற்று. அதை நான் குறை சொல்லவில்லை. துரைமார்களுக்கு ஆயிரம் ஜோலி. நான் சொல்வது மெங்கை.

நீங்கள் பினாங்கில் கடை வைத்து நாலு ஜாதி மனிதரோடு பழகியவர், நீங்களே நியாயம் சொல்லுங்கள். கப்பல் நாகப்பட்டினத்தில் நங்கூரம் போட இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் நியாயம் கிடைத்தால் போதும். ஏனென்றால் இறங்கியதும் நான் முதலில் போக வேண்டிய இடம் நம் ஊர் ரயில்வே ஆபீஸ். அங்கே முன்பு பார்சல் குமாஸ்தாவாக ஒன்பது வருஷம் இருந்தேன். கருவாட்டு மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. சீனாவில் மாஸ்டராக இருந்ததற்குச் சான்று கொண்டுபோனால், ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் அசிஸ்டெண்டாகவாவது போடுவார்கள். இல்லையென்றால் மறுபடியும் கருவாடு. வெளிப்பாளையத்தில் என் வீட்டுக்கு இப்போது 'ஸ்டேஷன் மாஸ்டர் வீடு' என்று பெயர். என் சம்சாரம் தபால்காரனிடம் சொல்லிச் சொல்லி வைத்த பெயர். அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய்க் கருவாட்டுக்குச் சீட்டு ஒட்ட முடியுமா, சொல்லுங்கள்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தச் சீன ராஜாங்கத்துக்கு ரயில் போட ஆசை, கையில் காசில்லை. மூன்று தேசத்து பாங்கிகள் சேர்ந்து கடன் கொடுத்தன. கடன் கொடுத்தவன் சும்மா கொடுப்பானா? கடன் அடையும் வரைக்கும் சீஃப் இஞ்சினீயர் எங்கள் ஆள், பணப்பெட்டி பார்ப்பவன் எங்கள் ஆள், தண்டவாளம் எங்கள் தேசத்து இரும்பு என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பத்திரத்தில் பதினான்காம் ஷரத்து: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைகாட்டிச் சாவி ஓர் அந்நியர் வசம் இருக்க வேண்டும். சீனர் கையில் கூடாது.

அந்நியர் என்று எழுதியவர்கள் வெள்ளைக்காரரை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் மண்காட்டில் நாற்பது ஸ்டேஷன். அந்தச் சம்பளத்துக்கு அங்கே வந்து உட்கார எந்த வெள்ளைக்காரன் வருவான்? ஹாங்காங்கில் ஓர் ஏஜெண்டுக்கு மூளை வேலை செய்தது. இந்தியாக்காரன் சீனன் இல்லை. சீனன் இல்லாதவன் அந்நியன். ஆகவே இந்தியாக்காரன் அந்நியன். இதில் என்ன தப்பு? நாங்கள் பதினேழு பேர் போனோம். அப்படித்தான் மரைக்காயரே, பார்சல் ஆபீஸ் சந்தியாகு, ஹெய்ஷி என்ற ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர் மிஸ்டர் சந்தியாகு ஆனான்.

ஹெய்ஷியில் ஒரு பிளாட்பாரம், ஒரு கொட்டகை, ஒரு கைகாட்டி மரம். கிழக்கே இரண்டு மைலில் ஓர் ஆறு, அதன்மேல் புதுப் பாலம். டிக்கெட் கொடுப்பது, தந்தி அடிப்பது, சரக்கு எடை போடுவது, ஜனங்களோடு கத்துவது, எல்லாம் மெங். தியென்ட்ஸினில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவன், என்னைவிட வேகமாக இங்கிலீஷ் பேசுவான். வேகமாகப் பேசினால் சரியாகப் பேசுவதாக ஆகிவிடுமா, அது வேறு விஷயம். சாவி என்னிடம். இடுப்பில் சங்கிலி போட்டுக் கோர்த்திருப்பேன். வண்டி வரும்போது மெங் "சாவி" என்பான். நான் லீவர் அறையைத் திறப்பேன். அவன் லீவரை இழுப்பான். கைகாட்டி இறங்கும், வண்டி வரலாம் என்று அர்த்தம். நான் பூட்டுவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை. சும்மா இல்லை.

அதே சாவிதான் அலமாரிக்கும். அலமாரியில் சிவப்புக் கொடி, சிவப்பு விளக்கு, ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தின்மேல் வைக்கிற வெடிவில்லை. எல்லாம் எண்ணிப் பூட்டி வைத்திருப்பேன். மூன்று வருஷத்தில் ஒரு வில்லைகூட குறைந்ததில்லை.

மெங்குக்கு எதற்கெடுத்தாலும் தர்க்கம். அந்தக் கடன் பத்திரத்தை முழுக்கப் படித்திருந்தான், அதுதான் அவன் வியாதி. ஒரு நாள் எடை போட்டுக்கொண்டே கேட்கிறான்.

"மிஸ்டர் சந்தியாகு, உங்கள் ஊர் ரயிலில் கைகாட்டிச் சாவி யாரிடம் இருக்கும்?"

"பெரிய ஸ்டேஷனில் துரைகளிடம், பாதி வெள்ளைக்காரரான சட்டைக்காரர்களிடம்."

"உங்களிடம் தருவார்களா?"

"அங்கே முறை வேறு."

"அப்படியானால் அங்கே நீங்கள்தான் நான்."

"அங்கே நான் பார்சல் ஆபீஸ்," என்றேன்.

சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் உள்ளதைத்தான் சொன்னேன்.

இரண்டாம் வருஷம் ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. நம் சக்கரவர்த்தி முடிசூடிய நாள். சீஃப் இஞ்சினீயர் மில்வார்ட் துரை தன் பங்களாவில் விருந்து வைத்தார். எனக்கும் அழைப்பு வந்தது. அச்சடித்த அட்டை, மரைக்காயரே! பங்களா மேற்கே பதினெட்டு மைல். டிராலியில் போக வேண்டும், நாலு பேர் தள்ள.

ஆறு நாளாக மழை. ஆறு கரை தட்டி ஓடுகிறது. மத்தியானம் மூன்று பத்துக்கு மெயில் வண்டி மேற்கிலிருந்து வரும், ஹெய்ஷியில் நிற்காமல் கிழக்கே பாலத்தைத் தாண்டிப் போகும். அதற்காகக் காலையிலேயே அடுத்த ஸ்டேஷனிடம் தந்தியில் லைன் கேட்டு வாங்கி, கைகாட்டியை இறக்கி வைத்து, லீவர் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிராலியில் ஏறினேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள். நான் இல்லாவிட்டாலும் மெயில் தடங்கலில்லாமல் போகும்.

மெங் டிராலிக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"சாவியை வைத்துவிட்டுப் போங்கள். ஆறு சரியில்லை."

"பதினான்காம் ஷரத்து," என்றேன்.

"சரி, கைகாட்டியை ஏற்றிவிட்டுப் போங்கள். மெயில் வெளியில் நிற்கட்டும். நீங்கள் வந்து திறந்துவிடலாம்."

"மெயிலை நிறுத்துவதா? எதற்கு? நான் சாப்பிடப் போயிருக்கிறேன் என்றா ரிப்போர்ட்டில் எழுதுவாய்?"

"ஆமாம். அதுதானே உண்மை?"

பாருங்கள், மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது? தள்ளுங்கள் என்று ஆட்களிடம் சொன்னேன்.

விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உள்ளே ஹாலில் இருபத்தைந்து பேர், இடித்துக்கொண்டு, வேர்த்துக்கொண்டு. எனக்கு மட்டும் வராந்தாவில் தனி மேஜை. தனி மேஜை! அதில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை. சக்கரவர்த்திக்கு வாழ்த்துச் சொல்லி எல்லாரும் கோப்பையைத் தூக்கினபோது ஜன்னல் வழியாகப் பார்த்து நானும் தூக்கினேன். கோப்பையில் தண்ணீர்தான். ஊற்றுகிறவன் உள்ளே இருந்தான்.

அதே நேரத்தில் ஹெய்ஷியில் என்ன நடந்தது என்பது எனக்கு ஒரு வரி விடாமல் தெரியும். பிறகு நடந்த விசாரணையை நாற்பது பக்கத்துக்கு எழுதினார்கள், நகல் எடுத்தது நான்தான்.

இரண்டரை மணிக்கு, தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் ஒருத்தன் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்திருக்கிறான். பாலத்தின் நடுத்தூண் ஒரு முழம் இறங்கிவிட்டது, மேலே தண்டவாளம் வளைந்து நிற்கிறது என்று. மெங் தந்தி அடித்துப் பார்த்தான். மழையில் கம்பம் சாய்ந்து தந்தி செத்துக் கிடந்தது. கைகாட்டியோ 'வா வா' என்று இறங்கி நிற்கிறது. ஏற்ற வேண்டுமானால் சாவி வேண்டும். கொடி, வில்லை வேண்டுமானாலும் சாவி வேண்டும்.

பூட்டை உடைத்திருக்கலாமே, கம்பியை அறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விசாரணையில் அதையும் கேட்டார்கள். அந்நியரையும் ரயிலையும் அடித்து நொறுக்கின பாக்ஸர் கலகத்துக்குப் பிறகு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார்கள்: ரயில்வே பூட்டு, கம்பி, கட்டை, எதில் கை வைத்தாலும் தலை போகும், கை வைத்தவன் ஊருக்கே அபராதம். எங்கள் கொட்டகையில் அந்த நோட்டீசை ஆணியடித்து மாட்டியதே நான்தான், நேராக.

வேறு சிவப்புத் துணி ஊரில் இல்லையா என்றால், ஊரே சிவப்புத்தான். அன்றைக்குப் பார்த்து ஊரில் ஒரு கல்யாணம். நம்மிடம் சிவப்பு என்றால் ஆபத்து. அங்கே சிவப்பு என்றால் மங்களம். கல்யாணம் என்றாலும் சிவப்பு, புதுக்கடை திறந்தாலும் சிவப்பு. பாதையோரம் எவனாவது சிவப்பைக் கட்டிவைப்பதும், டிரைவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏமாந்து போவதுமாக இருந்து, கடைசியில் கம்பெனி முத்திரை குத்திய கொடியைத் தவிர வேறு எந்தச் சிவப்பையும் மதிக்க வேண்டாம் என்று டிரைவர்களுக்கு உத்தரவே போட்டிருந்தார்கள். நல்ல உத்தரவு. அதற்கு முன்னால் மெயில் ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை.

மெங் என்ன செய்தான் தெரியுமா? நேராகக் கல்யாண வீட்டுக்கு ஓடினான். அங்கே மணப்பெண் பல்லக்கு வரும்போது கொளுத்துவதற்கென்று பட்டாசுச் சரம் வாங்கி வைத்திருந்தார்கள். பத்தாயிரம் வெடி, கயிறு மாதிரி பின்னிச் சுருட்டினது, ஒரு ஆள் தோளில் தூக்க வேண்டும். அதைக் கொடு என்றான்.

மாப்பிள்ளையின் அப்பன் ஒரு கிழவன். "எதற்கு?"

"ரயிலை நிறுத்த."

"இந்த ரயில் என் அப்பன் சமாதியைத் தோண்டி எடுத்துத் தண்டவாளம் போட்டது. ஆற்றில் விழட்டும். விழுந்த பிறகு கொளுத்துகிறேன், வந்து பார்."

"மாமா, பெண் வீட்டாரில் பாதிப் பேர் அந்த வண்டியில்தான் மூன்றாம் வகுப்பில் வருகிறார்கள், அக்கரை ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வர."

கிழவனுக்கு முகம் மாறிவிட்டதாம். சரத்தை அவனே தூக்கிக் கொடுத்து, தாரை தப்பட்டைக்காரர்களையும் கூட அனுப்பியிருக்கிறான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வண்டியில் பெண் வீட்டார் ஒருத்தர்கூட இல்லை! பச்சைப் பொய். நாலாவது பக்கத்தில் மெங்கே ஒப்புக்கொண்டிருக்கிறான். ஒரு ரயில்வே உத்தியோகஸ்தன் பொதுஜனத்திடம் இப்படிப் பொய் சொல்லலாமா, மரைக்காயரே?

ஸ்டேஷனுக்கு மேற்கே, வண்டி வருகிற திக்கில் அரை மைல் ஓடிப்போய்த் தண்டவாளத்தின் நடுவில் சரத்தை விரித்து, மழையில் நனையாமல் மேலே ஓலைக் குடைகளைப் பிடித்துக்கொண்டு, மெயில் கண்ணில் பட்டதும் கொளுத்தினார்கள். பத்தாயிரம் வெடி. கூடவே தப்பட்டை. டிரைவர் ஒரு பெல்ஜியக்காரன், கலகத்தின்போது சீனாவில் இருந்தவன். மறுபடியும் பாக்ஸர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். பிரேக்கைப் போட்டான். வண்டி கத்திக்கொண்டே வந்து எங்கள் பிளாட்பாரத்தைத் தாண்டி, பாலத்துக்கு ஒரு மைல் முன்னால் நின்றது. டிரைவர் கைத்துப்பாக்கியோடு இறங்கி வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டான். பின்னாலேயே ஓடி வந்த மெங் சேற்றில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று, "பாலம், பாலம்" என்றான். அவனைக் கீழே தள்ளிக் கயிற்றால் கட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் பாலம் விழுந்த சத்தம் கேட்டது.

அதற்காகக் கட்டை அவிழ்த்தார்களா என்றால், இல்லை. அது வேறு விஷயம், இது வேறு விஷயம்.

விசாரணையில் மூன்று துரைகள். பாலம் விழுந்தது தெய்வச் செயல் என்று ஒரு பக்கத்தில் முடித்தார்கள். வண்டியின்மேல் வெடிபொருள் பிரயோகித்தது மெங்கின் செயல் என்று முப்பத்தொன்பது பக்கம். என்னையும் கூப்பிட்டார்கள். மில்வார்ட் துரை நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "சம்பவத்தின்போது சாவி எங்கே இருந்தது?"

மெங் அங்கேதான் மூலையில் நின்றான். அவனும் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை, சாவி என்னோடு விருந்துக்கு வந்திருந்தது என்று சொன்னால், அவனுக்குக் குற்றம் குறைந்திருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அது தெரியாதா? ஆனால் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல வேண்டும்? "ஷரத்துப்படி இருக்க வேண்டியவர் வசம் இருந்தது, ஐயா," என்றேன். அப்பழுக்கில்லாத பதில். துரையே தலையசைத்தார். அந்த வராந்தா மேஜை அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும், அதை நான் பேச்சில் இழுக்கவில்லை என்பதில் அவருக்கும் ஒரு திருப்தி.

மெங்கை உள்ளூர் நீதிபதியிடம் ஒப்படைத்தார்கள். அந்நியரைப் பயமுறுத்தியதற்கு ஒரு மாதம் மரப்பலகை. தெரியுமா உங்களுக்கு? கதவு அகலப் பலகையில் நடுவே ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டி, மேலே குற்றத்தை எழுதி ஒட்டிப் பொது இடத்தில் நிறுத்துவார்கள். கை வாய்க்கு எட்டாது, வேறு யாராவது ஊட்ட வேண்டும். எங்கே நிறுத்தினார்கள் என்றால், ஹெய்ஷி பிளாட்பாரத்திலேயே. எனக்கு எவ்வளவு சங்கடம் பாருங்கள்! டிக்கெட் கொடுக்கப் புது ஆள் வந்திருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஜனங்கள் நேராகப் பலகையிடம் போய், "தென்பக்கத்து வண்டி எப்போது?" என்று கேட்பார்கள். பலகைக்கு மேலிருந்து மெங் பதில் சொல்லுவான். சரக்குச் சீட்டில் தப்பு இருந்தால் அங்கிருந்தே கத்துவான். கல்யாண வீட்டுக் கிழவன் தினமும் வந்து அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போவான். பெண் வீட்டார் பொய்யைக் கண்டுபிடித்த பிறகும் வந்தான். ஒரு தடவை நான் கடந்து போகும்போது மெங் சொன்னான், "மிஸ்டர் சந்தியாகு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், எழுத்து மறைகிறது." ஒரு மாதம் முடிந்ததும் அவனை ஏதோ வனாந்தரத்தில் லெவல் கிராசிங் கேட் பார்க்க அனுப்பினார்கள். நான் என் கடமையைத் தொடர்ந்தேன்.

அடுத்த வருஷக் கடைசியில்தான் இடி விழுந்தது. சீன ராஜாங்கம் எங்கெங்கோ பணம் புரட்டிக் கடனை முழுசாக அடைத்துவிட்டது! ரயில் அவர்கள் கைக்குப் போயிற்று. பதினான்காம் ஷரத்து காலாவதி. கேட் பார்த்துக்கொண்டிருந்த மெங்கைக் கூப்பிட்டு, வண்டியைக் காப்பாற்றிய ஆள் என்று மாலை போடாத குறையாக, நாற்பது ஸ்டேஷனுக்கும் சூப்பரிண்டெண்ட் ஆக்கினார்கள். இப்போது 'அவர்' என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு நாக்கு வரவில்லை, மன்னியுங்கள்.

வேலை போன அந்நியர்களுக்குக் கம்பெனி ஆறு மாதச் சம்பளம், கப்பல் டிக்கெட், நற்சான்று மூன்றும் கொடுத்தது. நானும் மனுப் போட்டேன். நாலு மாதம் கழித்துப் பதில்: ஐரோப்பிய ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. மறுபடி போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில்: சுதேசி ஊழியர் விவகாரம் சீன நிர்வாகத்தைச் சேர்ந்தது, அங்கே கேட்டுக்கொள்ளவும். சரிதான், அவர்கள் பட்டியல்படி அவர்கள் எழுதினார்கள். நான் குறை சொல்லவில்லை.

ஆக மெங்கிடம் போகும்படி ஆயிற்று. மூன்றாம் மனுவைத் தபாலில் அனுப்பினேன். நேரில் வந்தால் பேசலாம் என்று எழுதியிருந்தான். நாலாவது மனுவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். பெரிய அறை. என்னை உட்காரச் சொன்னான், அவன் மேஜைக்கு எதிரிலேயே. தேநீர் வந்தது, அவனே ஊற்றினான். சுவரில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சாவி.

"மிஸ்டர் சந்தியாகு, சான்று தருகிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், அதை எழுதுகிறேன்."

"மூன்று வருஷம் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தேன்."

சுவரைக் காட்டினான். "அந்த வேலையை இப்போது அவை பார்க்கின்றன. வேறு?"

"ஒரு விதியையும் மீறியதில்லை."

"அது எனக்குத் தெரியும். ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் ஸ்டேஷனில் இருந்திருந்தால், கேங்மேன் ஓடி வந்திருந்தால், கைகாட்டியை ஏற்றியிருப்பீர்களா?"

யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டு நல்லதாக எழுதியிருப்பான். ஆனால் நான் ஞானஸ்நானம் வாங்கியவன், உள்ளதைத்தான் சொல்வேன். "லைன் கொடுத்த பிறகு மேலதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் மெயிலுக்கு எதிராகக் கைகாட்டியை ஏற்றக் கூடாது. அறுபத்து மூன்றாம் விதி. கேங்மேன் வாய்ச்சொல் உத்தரவு ஆகாது," என்றேன்.

"சாவி இடுப்பில் இருந்தாலும்?"

"சாவி இருப்பதாலேயே விதியை மீற முடியுமா?"

"நான் கெஞ்சியிருந்தாலும்?"

"நீ எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டுதானே இருப்பாய்."

என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினான். கோபமில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். தர்க்கத்தில் ஜெயித்தவன் மாதிரியும் இல்லை, தோற்றவன் மாதிரியும் இல்லை. பிறகு சொன்னான், "நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் பொய் எழுத மாட்டேன்."

"கல்யாண வீட்டில் சொன்னாயே?" என்று கேட்டேன். விடுவேனா?

"அது பட்டாசுக்காக," என்றான்.

காகிதத்தை எடுத்தான். நல்ல காகிதம், கெட்டி. அவன் கையாலேயே இங்கிலீஷில் எழுதி, கீழே சீனத்தில் எழுதி, நிர்வாகத்தின் பெரிய சிவப்பு முத்திரையைக் குத்தி, மை காய ஊதி, இரண்டு கையாலும் பிடித்து எழுந்து நின்று கொடுத்தான். இதோ, உங்களுக்காகத் தமிழிலேயே படிக்கிறேன். நாகப்பட்டினத்தில் காட்டலாமா, வேண்டாமா, அதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

"நாகப்பட்டினம் திரு. சந்தியாகு ஹெய்ஷி ஸ்டேஷனில் மூன்று ஆண்டுகள் சாவி வைத்திருந்தார். அவற்றில் இரண்டாம் ஆண்டு ஆகஸ்டு ஒன்பதாம் தேதி மட்டும் அவர் ஸ்டேஷனில் இல்லை. ஆகையால் அன்று மெயில் வண்டியில் வந்த இருநூற்றுப் பதினாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்."